போவதும் வருவதும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைச் சொன்னதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்தது. உல்லாசப் பிரயாணம்! சுற்றுலா என்று இப்போது சொல்கிறார்களே, அதுதான். அதிலும் சோவியத் யூனியனும் கிழக்கு ஐரோப்பிய சோஷலிஸ்ட் நாடுகளும் ஒருபுறம், ஆப்பிரிக்க நாடுகள் மறுபுறம், இவற்றுக்கு இடையே நடந்த பிரயாணம்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு விவசாயத் தோழர் நம்மை நிறுத்திக் கேட்டார்: "ஊர் சுற்றிப் பார்ப்பது காசுள்ளவன் காரியம். நமக்கு நடவு நாள் குறைந்துபோச்சு, கூலி ஏறவில்லை. இந்தப் பேச்சு நமக்கு எதற்கு?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஒருவன் ஓய்வு எடுக்கிற இடத்தில் இன்னொருவன் வேலை செய்கிறான். அறையைப் பெருக்குகிறவன், படுக்கை விரிக்கிறவன், சமைக்கிறவன், மூட்டை தூக்குகிறவன், படகு தள்ளுகிறவன், எல்லோரும் நம்மவர்கள். ஆகவே பிரயாணத்தில் நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது. சம்பந்தம் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

பேச்சு முழுவதிலும் ஒரே ஓர் அளவுகோலை நாம் கையில் வைத்துக்கொள்வோம். ஊரைப் பார்க்கப் போகிறவன் ஒருவன். அங்கே அவனை வரவேற்கிறவன் ஒருவன். வரவேற்கிறவனும் ஒருநாள் புறப்பட்டுப் போகிறவனாக முடியுமா? முடிந்தால் அது சிநேகம். முடியாவிட்டால், எவ்வளவு சிரித்துப் பேசினாலும் அது எஜமான்-வேலைக்காரன் உறவுதான்.

இந்த அளவுகோலை முதலாளித்துவ நாடுகள்மீதும் வைப்போம். சோஷலிஸ்ட் நாடுகள்மீதும் வைப்போம். நம்மவர் என்பதற்காக அளவைக் குறைக்க மாட்டோம்.

நைல் நதியில் வந்த கப்பல்

முதலில் பழைய கதையைப் பார்ப்போம்.

தாமஸ் குக் என்ற ஆங்கிலேயர் 1869-ல் நைல் நதிக்கு ஒரு பிரயாணக் கோஷ்டியை அழைத்துப் போனார். அது நல்ல வியாபாரமாயிற்று. சில ஆண்டுகளில் நைல் நதியின் பிரயாணிக் கப்பல்கள் அவருடைய கம்பெனியின் கைக்கு வந்துவிட்டன. 1882-ல் பிரிட்டிஷ் கடற்படை அலெக்சாண்டிரியா நகரைப் பீரங்கியால் தகர்த்தது; எகிப்து பிரிட்டிஷ் பிடியில் விழுந்தது. 1884-ல் சூடானில், கார்ட்டூம் நகரில் முற்றுகையில் சிக்கிக்கொண்ட ஜெனரல் கார்டனை மீட்க ஒரு பட்டாளம் போகவேண்டியிருந்தது. நைல் நதி வழியே அந்தப் பட்டாளத்தை ஏற்றிச் செல்ல யாரிடம் ஒப்பந்தம் விட்டார்கள்? அதே குக் கம்பெனியிடம். 18 ஆயிரம் சிப்பாய்களை அது ஏற்றிச் சென்றது. உல்லாசப் பிரயாணிக்கும் ஒரே கம்பெனி. படையெடுத்த சிப்பாய்க்கும் அதே கம்பெனி!

இப்போது கென்யாவைப் பாருங்கள். அபர்டேர் காட்டில், ஒரு மரத்தின்மேல், 1932-ல் 'ட்ரீடாப்ஸ்' என்ற ஓட்டலைக் கட்டினார்கள். மேலே உட்கார்ந்தபடி கீழே நீர் குடிக்க வரும் யானையையும் காண்டாமிருகத்தையும் பார்க்கலாம். 1952 பிப்ரவரியில் பிரிட்டிஷ் இளவரசி எலிசபெத் அங்கே தங்கியிருந்தபோதுதான் அவருடைய தந்தை இறந்தார், அவர் ராணியானார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த ஓட்டலைப் பற்றி எழுதின.

ஆனால் அதே கென்யாவில், அதே காலத்தில், வயதுவந்த ஆப்பிரிக்க ஆண் ஒவ்வொருவனும் 'கிப்பாண்டே' என்ற சீட்டைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1920 வாக்கில் அது அமலுக்கு வந்தது. அவனுடைய கைரேகை, யாரிடம் வேலை செய்கிறான், என்ன கூலி, எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டை ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். சீட்டு இல்லாமல் அகப்பட்டால் தண்டனை. எஜமான் கையெழுத்துப் போட்டு விடுவிக்காமல் வேறு வேலைக்குப் போக முடியாது.

யானை நடமாடுவதைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஆள் வருகிறான். அந்த மண்ணில் பிறந்தவன் அடுத்த பண்ணைக்கு நடமாடச் சீட்டு வேண்டும்! யானைக்கு இருந்த சுதந்திரம் மனிதனுக்கு இல்லை. 1954-ல் மாவ் மாவ் கெரில்லாக்கள் அந்த மரத்து ஓட்டலைக் கொளுத்தினார்கள். ஏன் கொளுத்தினார்கள் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

ஏகாதிபத்திய காலத்துப் பிரயாணம் இதுதான். பாதை ஒன்று, போக்கு ஒருவருக்கு மட்டும்.

ஜாரின் அரண்மனையில் விவசாயி

மறுபக்கத்துக்கு வருவோம்.

1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவில் ஒரு கேள்வி எழுந்தது. ஜாரும் பிரபுக்களும் கோடைக்காலம் கழித்த கிரிமியா அரண்மனைகளை என்ன செய்வது? 1920 டிசம்பரில் லெனின் கையெழுத்திட்ட ஓர் ஆணை பதில் சொன்னது. அந்த மாளிகைகள் உழைப்பாளிகளின் சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் என்று அந்த ஆணை கூறியது. ஜார் குடும்பத்தின் லிவாடியா அரண்மனை 1925-ல் விவசாயிகளுக்கான ஆரோக்கிய இல்லமாகத் திறக்கப்பட்டது.

1936-ம் ஆண்டு சோவியத் அரசியல் சட்டத்தின் 119-வது ஷரத்து ஓய்வை ஓர் உரிமை என்று எழுதியது. சம்பளத்துடன் வருடாந்திர லீவு, ஆரோக்கிய இல்லங்கள், ஓய்வு இல்லங்கள் என்று அதில் விவரம் இருந்தது. இல்லத்தில் தங்குவதற்கான சீட்டுகளைத் தொழிற்சங்கம் விநியோகித்தது. செலவில் பெரும்பங்கைச் சமூக இன்சூரன்ஸ் நிதி ஏற்றது. எல்லோருக்கும் சீட்டு கிடைத்ததா? இல்லை. கேட்டவர் அதிகம், இடம் குறைவு. ஆனால் உழைப்பவனுக்கு ஓய்வு தர்மமல்ல, உரிமை என்று ஒரு நாடு சட்டத்தில் எழுதியது பெரிய காரியம்.

அது உள்நாட்டுக் கதை. எல்லை தாண்டிய கதை வேறு. வெளிநாட்டுப் பிரயாணிகளை வரவேற்க 'இன்டூரிஸ்ட்' என்ற ஸ்தாபனத்தைச் சோவியத் அரசு 1929-லேயே அமைத்தது. வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அன்னியச் செலாவணியும் வந்தது. ஆனால் ஸ்டாலின் காலத்தில் சாதாரண சோவியத் பிரஜை வேடிக்கை பார்க்க வெளிநாடு போவது என்பது ஏறக்குறைய இல்லை. 1953-ல் ஸ்டாலின் மறைந்த பிறகே கதவு கொஞ்சம் திறந்தது. 1956-ல் 'பொபேதா' என்ற கப்பல் சோவியத் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஒதெஸ்ஸாவிலிருந்து ஐரோப்பாவைச் சுற்றி லெனின்கிராடுக்குப் போயிற்று. 'பொபேதா' என்றால் வெற்றி. வாலிபர்களின் பிரயாணத்துக்கென்று 1958-ல் 'ஸ்புட்னிக்' என்ற ஸ்தாபனம் தோன்றியது.

இதற்கு முன்பே ஆப்பிரிக்காவைச் சோஷலிஸ்ட் நாடுகளின் வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்கள் இரண்டு செக் வாலிபர்கள். ஹன்செல்கா, ஸிக்முந்த் என்பது அவர்கள் பெயர். 1947-ல் பிராக் நகரிலிருந்து ஒரு 'டாட்ரா' காரில் புறப்பட்டார்கள். வட ஆப்பிரிக்கா, எகிப்து, சூடான், கென்யா என்று தெற்கு முனைவரை போனார்கள். பிறகு தென் அமெரிக்கா. 1950-ல்தான் வீடு திரும்பினார்கள். வழியிலிருந்து அவர்கள் அனுப்பிய நூற்றுக்கணக்கான ரேடியோப் பேச்சுகளைச் செக்கோஸ்லோவாகியாவில் ஜனங்கள் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். டிக்கெட் வாங்க முடியாதவன் காதால் பிரயாணம் செய்தான்.

வடக்கே போன ஆப்பிரிக்கர்கள்

1957 கோடையில் மாஸ்கோவில் ஆறாவது உலக வாலிபர் விழா நடந்தது. 131 நாடுகளிலிருந்து 34 ஆயிரம் பேர் வந்தார்கள். ஆப்பிரிக்கர்களும் வந்தார்கள். மாஸ்கோ வாசிகளில் மிகப் பலர் ஓர் ஆப்பிரிக்கரை நேரில் கண்டு கை குலுக்கியது அப்போதுதான்.

அதே ஆண்டு கானா விடுதலை பெற்றது. 1958-ல் கினி. 1960-ம் ஆண்டில் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. கினி தன் சொந்த விமான ஸ்தாபனத்தைத் தொடங்கியபோது சோவியத் இல்யூஷின் விமானங்களை வாங்கியது. கானாவும் வாங்கியது. அதுவரை ஓர் ஆப்பிரிக்கன் விமானத்தில் போக வேண்டுமானால் லண்டன் வழி, அல்லது பாரிஸ் வழி. தன்னை ஆண்டவனின் வாசல் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க முடியும்! இப்போது வேறொரு வாசல் திறந்தது.

1960 பிப்ரவரியில் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க ஏழைப் பிள்ளைகள் டாக்டராகவும் இஞ்சினீயராகவும் படிக்க வந்தார்கள். காங்கோவின் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா 1961 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அடுத்த மாதமே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சோவியத் யூனியன் கலைந்ததும், 1992-ல், அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். 2023-ல் மறுபடி வைத்தார்கள்.

போகிற வழி சுலபமாக இருந்ததா? கென்யாவின் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். சோஷலிஸ்ட் நாடுகளுக்குப் போய்ப் படிக்க பிரிட்டிஷ் காலனி சர்க்கார் பாஸ்போர்ட் தரவில்லை. அவர்கள் உகாண்டா வழியாக, சூடான் வழியாக, கிடைத்த வண்டியில் ஏறியும் நடந்தும் கெய்ரோ போய்ச் சேர்ந்தார்கள். ஒகிங்கா ஒடிங்கா என்ற கென்யத் தலைவரின் ஏற்பாட்டில் அங்கிருந்து மாஸ்கோவுக்கும் பிராகுக்கும் போனார்கள். அதற்கு 'நைல் பாதை' என்று பெயர் வழங்கிற்று. ஒரு காலத்தில் குக் கம்பெனியின் கப்பல் சீமான்களைத் தெற்கே கொண்டுபோன அதே நைல்! அதன் கரையோரமாகக் கழுத்தில் தகரப் பெட்டி தொங்கவிட்டவனின் மகன் வடக்கே போனான்.

இன்னும் ஒருவரைச் சொல்ல வேண்டும். செனகல் நாட்டைச் சேர்ந்த செம்பேன் உஸ்மான். அவர் மார்சேல்ஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளி, தொழிற்சங்க ஊழியர். 1947 அக்டோபரிலிருந்து 1948 மார்ச் வரை ஐந்து மாதம் நடந்த டாக்கர்-நைஜர் ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். எழுத்துத் தெரியாதவனிடம் எப்படிப் பேசுவது என்று யோசித்தார். சினிமா எடுப்பது என்று முடிவு செய்தார். 1962-ல் மாஸ்கோ போய், கார்க்கி ஸ்டூடியோவில் தொழில் கற்றார். ஆப்பிரிக்க சினிமாவின் தந்தை என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

1966-ல் அவர் எடுத்த ஒரு படத்தின் கதையைக் கேளுங்கள். டாக்கர் நகரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் வேலை செய்யும் பெண் தியுவானா. எஜமானி அவளைப் பிரான்சுக்கு அழைத்துப் போகிறாள். ஆந்திப் என்ற கடற்கரை ஊர். உலகப் பணக்காரர் ஓய்வெடுக்கும் கரை. பிரான்சைப் பார்க்கப் போகிறோம் என்று அந்தப் பெண் சந்தோஷமாகப் போகிறாள். என்ன பார்த்தாள்? சமையலறை. குளியலறை. தன் சிறு அறை. அவ்வளவுதான். முடிவில் அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

ஆயிரக்கணக்கான மைல் போயும் ஓர் ஊரைக்கூடப் பார்க்காத பிரயாணம் அது! மாஸ்கோவில் தொழில் கற்றுக்கொண்ட ஒரு துறைமுகத் தொழிலாளி அதை உலகத்துக்குக் காட்டினார். அவருடைய பிரயாணத்தின் பலன் அது.

தெற்கே போன சோவியத் பிரயாணி

சரி, ஆப்பிரிக்கன் வடக்கே போனான். சோவியத் தொழிலாளி தெற்கே போனானா?

போனவர்கள் உண்டு. எகிப்துக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் கோஷ்டிகள் போயின. ஆனால் எப்படிப் போனார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒருவர் வெளிநாடு போக விரும்பினால் வேலை செய்யும் இடத்தில் நற்சான்று வாங்க வேண்டும். அதில் மூன்று கையெழுத்து: நிர்வாகி, கட்சிச் செயலாளர், தொழிற்சங்கத் தலைவர். பிறகு மேல் கமிட்டிகளின் விசாரணை. முதல் பிரயாணம் பெரும்பாலும் ஒரு சோஷலிஸ்ட் நாட்டுக்குத்தான். அதில் ஒழுங்காக நடந்துகொண்டவருக்கே அடுத்தது. தனியாகப் போக முடியாது; கோஷ்டியாகத்தான். கோஷ்டிக்கு ஒரு தலைவர். கண்காணிக்க ஓர் ஆள். கையில் கொடுக்கும் அன்னியப் பணம் மிகச் சிறியது. சீட்டின் விலையோ சாதாரணத் தொழிலாளியின் பல மாதக் கூலி. ஆகவே கெய்ரோவில் பிரமிடைப் பார்த்த சோவியத் பிரயாணிகளில் உத்தியோகஸ்தர்களும் இஞ்சினீயர்களும் எழுத்தாளர்களும் அதிகம். தறி ஓட்டுகிறவனும் மாடு மேய்க்கிறவனும் குறைவு.

விவசாயத் தோழர்களே, இதை நீங்கள் குறிப்பாகக் கேட்க வேண்டும். கூட்டுப் பண்ணை விவசாயிகளுக்கு உள்நாட்டு பாஸ்போர்ட் உரிமையைச் சோவியத் அரசு 1974-ல்தான் தீர்மானித்தது. அதுவரை பண்ணையை விட்டு நகரத்தில் குடியேற அவர்களுக்குப் பண்ணையின், அதிகாரிகளின் சம்மதம் வேண்டும். உலகத்துக்குத் தானியம் விளைவித்தவன் தன் மாவட்டத்தை விட்டுப் போக அனுமதி கேட்டு நின்றான். சீட்டுப் போட்டு மனிதனைக் கட்டுவதைக் கென்யாவில் கண்டித்த நாம், இதை மட்டும் எப்படி நியாயம் என்று சொல்வோம்? சொல்ல முடியாது.

வடக்கே போன ஆப்பிரிக்கர்களும் எல்லோரும் பூமாலையைக் காணவில்லை. 1963 பிப்ரவரியில் பல்கேரியாவின் சோபியா நகரில் ஆப்பிரிக்க மாணவர்களுக்கும் போலீசுக்கும் மோதல் ஏற்பட்டது. பலர் படிப்பை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 18-ல் நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்க மாணவர்கள் மாஸ்கோ செஞ்சதுக்கத்துக்கு ஊர்வலம் போனார்கள். கானா நாட்டு மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துகிடந்தார். நிறவெறியே அவர் உயிரைக் குடித்தது என்று மாணவர்கள் சொன்னார்கள். போதையில் குளிரில் விறைத்து இறந்தார் என்று அதிகாரிகள் சொன்னார்கள். எது எப்படியானாலும், நட்புறவின் தலைநகரில் விருந்தாளி நியாயம் கேட்டுத் தெருவில் இறங்க நேர்ந்தது. வரவேற்பு மேடையில் நட்பைப் பேசுவது சுலபம். தெருவிலும் விடுதியிலும் நட்பைக் காப்பதுதான் கடினம்.

அந்த இரு செக் பிரயாணிகளின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். 1968-ல் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாகியாவில் புகுந்தபோது அவர்கள் எதிர்த்துப் பேசினார்கள். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் அவர்களுடைய எழுத்து அச்சேறவில்லை. ஒரு தேசத்துக்கே உலகத்தைக் காட்டியவர்களின் வாயைக் கட்டினார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? எதிரி சொல்வதற்கு முன் நாமே சொல்வது நல்லது என்பதற்காக மட்டுமல்ல. உண்மையைக் கேட்கும் தெம்பு உழைக்கும் ஜனங்களுக்கு உண்டு என்று நாம் நம்புகிறோம்.

கல்லும் மனிதனும்

நன்மையும் குறையும் ஒரே இடத்தில் நின்று நம்மைப் பார்க்கும் ஊர் ஒன்று உண்டு. அது அஸ்வான்.

நைல் நதியில் உயர்ந்த அணை கட்ட எகிப்து விரும்பியது. பண உதவி தருகிறோம் என்ற அமெரிக்கா 1956 ஜூலையில் கையை விரித்தது. அதே மாதம் நாசர் சூயஸ் கால்வாயைத் தேசவுடைமையாக்கினார். சோவியத் யூனியன் கடனும் இயந்திரமும் நிபுணர்களும் கொடுத்தது. 1960 ஜனவரியில் வேலை தொடங்கி 1970-ல் முடிந்தது. ஆயிரக்கணக்கான எகிப்தியத் தொழிலாளிகளும் சோவியத் தொழிலாளிகளும் அந்த வெயிலில் ஒன்றாக வேலை செய்தார்கள். பிரயாணச் சீட்டு வாங்கி வந்தவர்களைவிட, வேலைக்கு வந்த இவர்களே ஆப்பிரிக்காவை நன்றாகப் பார்த்தவர்கள் என்று நாம் சொல்வோம். சேர்ந்து கல் தூக்கியவனுக்குத்தான் அடுத்தவனின் களைப்புத் தெரியும். இன்று அங்கே தாமரை வடிவத்தில் அந்த நட்பின் நினைவுச் சின்னம் நிற்கிறது. உல்லாசப் பிரயாணிகள் அதைப் போய்ப் பார்க்கிறார்கள்.

ஆனால் அணைக்குப் பின்னால் பெரிய ஏரி எழுந்தது. பழைய அபு சிம்பல் கோயில் மூழ்கும் நிலை. யுனெஸ்கோ உலகம் முழுவதும் நிதி திரட்டியது. 1964 முதல் 1968 வரை அந்தக் கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில் மறுபடி பொருத்தினார்கள். அற்புதமான வேலை, அதைச் செய்த தொழிலாளிகளின் கைக்கு வணக்கம்.

அதே ஏரியில் நூபியர்களின் கிராமங்களும் மூழ்கின. எகிப்திலும் சூடானிலுமாகச் சுமார் ஒரு லட்சம் பேர். ஆற்றங்கரையில் பேரீச்சை வளர்த்துப் பயிர் செய்த ஜனங்கள். எகிப்து நூபியர்களைக் கோம் ஓம்போ பக்கம் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். நைல் கரையில் இருந்தவர்களுக்கு நைலே கண்ணில் படாத ஊர். கல்லை ஏரிக்கரையிலேயே வைத்தார்கள். மனிதனைத் தூரத்துக்கு அனுப்பினார்கள். கல்லைப் பார்க்க விமானத்தில் ஆட்கள் வருகிறார்கள். ஊர் இழந்தவனைப் பார்க்க யார் வருகிறார்கள்?

அணை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது எகிப்துக்கு மின்சாரம் கொடுத்தது; வறட்சியிலிருந்து வயலைக் காத்தது. ஆனால் நிலம் இழந்தவனிடம் முதலில் கேட்க வேண்டும். அவன் திரும்பிவர ஒரு வழி வைக்க வேண்டும். இது எந்த ஆட்சியானாலும் பொருந்தும்.

1991-க்குப் பிறகு

1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. வெளிநாடு போக மூன்று கையெழுத்து வாங்கும் தொல்லை ஒழிந்தது. நல்லது. அந்த இடத்தில் ஒரே ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது: பணம் இருக்கிறதா?

ரஷ்யர்கள் லட்சக்கணக்கில் எகிப்தின் செங்கடல் கரைக்கு வந்தார்கள். ஹுர்காடா, ஷார்ம் அல்-ஷேக் என்ற ஊர்கள். 2014-ல் மட்டும் சுமார் 30 லட்சம் ரஷ்யப் பிரயாணிகள். அந்த ஆண்டு எகிப்துக்கு வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். சோவியத் காலம் முழுவதும் கனவில்கூடக் காணாத தொகை! எகிப்திய ஓட்டல் தொழிலாளிகள் ரஷ்ய மொழி பேசக் கற்றார்கள். மேல் எகிப்தின் கிராமத்துப் பிள்ளைகள் வீட்டை விட்டுக் கடற்கரை ஓட்டல்களுக்கு வேலைக்குப் போனார்கள்.

2015 அக்டோபர் 31-ல் ஷார்ம் அல்-ஷேக்கிலிருந்து புறப்பட்ட ஒரு ரஷ்ய விமானம் சீனாய் பாலைவனத்தில் வெடித்துச் சிதறியது. 224 பேரும் மாண்டார்கள். லீவு முடிந்து வீடு திரும்பிய குடும்பங்கள், குழந்தைகளும் இருந்தார்கள். அந்தப் பயங்கரவாதிகளை எவ்வளவு கண்டித்தாலும் தகும். ரஷ்யா உடனே விமானப் போக்குவரத்தை நிறுத்தியது. கெய்ரோவுக்கு 2018 ஏப்ரலில்தான் விமானம் மறுபடி வந்தது. கடற்கரை ஊர்களுக்கு 2021 ஆகஸ்டில்.

கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள்! அந்தக் காலத்தில் அந்தத் தொழிலாளிகள் என்ன செய்தார்கள்? ஓட்டல்கள் மூடின. ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். விளக்கணைந்த ஊரில் படகோட்டி படகைக் கரையில் கவிழ்த்துவைத்தான். பஞ்சு வரத்து நின்றால் ஆலைத் தொழிலாளிக்கு என்ன நேரும், மழை பொய்த்தால் நடவுக்காரிக்கு என்ன நேரும் என்று உங்களுக்குத் தெரியும். அதேதான் அங்கேயும். பிரயாணியை மட்டும் நம்பிய ஊர், ஒரே மழையை நம்பிய வயல் மாதிரி.

நம் அளவுகோலை எடுங்கள். 30 லட்சம் பேர் வந்தார்கள். அவர்களுக்குப் படுக்கை விரித்த எகிப்தியத் தொழிலாளி எத்தனை பேர் லீவு எடுத்துக்கொண்டு மாஸ்கோவைப் பார்க்கப் போயிருப்பார்கள்? பாதை மறுபடி ஒரு பக்கமாகப் போயிற்று.

நமக்கு என்ன?

தோழர்களே, இந்தக் கதையிலிருந்து மூன்று விஷயங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது: ஓய்வு உரிமை. அது சீமானின் பொழுதுபோக்கு அல்ல. அதைச் சட்டத்தில் எழுதவைக்க முடியும் என்று சரித்திரம் காட்டிவிட்டது. எழுதியது எல்லோருக்கும் கிடைக்கப் போராட்டம் தொடர வேண்டும் என்பதையும் அதே சரித்திரம் காட்டியது.

இரண்டாவது: கதவு இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். சோஷலிஸ்ட் நாடுகளும் ஆப்பிரிக்காவும் செய்த முயற்சியில் உயர்ந்தது எது? ஆண்டவனின் வாசல் வழியாக அல்லாமல் ஆப்பிரிக்கன் உலகத்தைக் காண வழி திறந்தது. ஒரு துறைமுகத் தொழிலாளி சினிமாக் கலைஞன் ஆனார். தகரப் பெட்டிக்காரனின் மகன் டாக்டராகத் திரும்பினான். அதில் தாழ்ந்தது எது? தன் சொந்தத் தொழிலாளியை, தன் சொந்த விவசாயியை நம்பிக் கதவைத் திறந்துவிடாதது. வந்த விருந்தாளியின் குறையைக் காது கொடுத்துக் கேட்காதது. உயர்ந்ததை மறக்க மாட்டோம். தாழ்ந்ததை மறைக்க மாட்டோம்.

மூன்றாவது: வரவேற்கிறவனின் கூலி. பிரயாணத் தொழில் வளர்கிறது என்று எந்த சர்க்கார் சொன்னாலும், நாம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அறை பெருக்குகிறவளுக்கு என்ன சம்பளம்? அவளுக்கு லீவு உண்டா? ஆள் வராத மாதத்தில் அவள் அடுப்பு எரியுமா? அந்த ஓட்டல் நிற்கும் நிலம் யாருடையது? அதில் இருந்தவர்கள் எங்கே?

நம்மைக் கேள்வி கேட்ட விவசாயத் தோழர் அதோ உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நாம் இப்போது சொல்வது இதுதான்: கூலி உயர்வுக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு. வயிறு நிறைய வேண்டும் என்று கேட்பதற்கு உமக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு உரிமை ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கும் உண்டு. உம்முடைய மகள் ஒருநாள் அஸ்வான் அணையைப் பார்க்கப் போகட்டும். அங்கே அவளுக்குத் தேநீர் கொடுக்கும் பெண் ஒருநாள் உம்முடைய வயலைப் பார்க்க வரட்டும். அவள் வரும்போது தலை நிமிர்ந்து வாசலில் நின்று வரவேற்கும் நிலையில் நீர் இருக்க வேண்டும்.

அதற்கு வேண்டியதைச் செய்வோம்.